சாரல் காலத்துப் புல்லட்

ஆனி பிறந்து மேற்கே மலை மறைந்துவிட்டால் தென்காசியில் எதுவும் காயாது. கொடியில் போட்ட பாவாடை இரண்டு நாள் கழித்தும் சில்லென்று இருக்கும். தீப்பெட்டியை அம்மா அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பாள். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று சாரலை அள்ளி வந்து தெருவில் வீசிவிட்டுப் போகும். கொஞ்சம் வெயில் அடிக்கும், மறுபடி தூறும். வெளியூர் ஜனம் குற்றாலத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு வரும் அந்த மாதங்களில்தான் அப்பாவின் புல்லட் மக்கர் பண்ண ஆரம்பித்தது.

அப்பா அரசாங்கக் கால்நடை மருத்துவர். நான் சொல்வது எண்பதுகளின் நடுவில். தென்காசி அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமாக ஆனது 2019-இல்தான். மருந்தகத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை பாதி. மீதி வேலை இலஞ்சி, பண்பொழி, வடகரை, அச்சன்புதூர், புளியரை என்று ஊர் ஊராகப் போவது. கன்று போட முடியாமல் தொழுவத்தில் விழுந்து கிடக்கும் மாட்டை யார் தூக்கிக்கொண்டு வரமுடியும்? டாக்டர்தான் போகவேண்டும். அதுவும் பாதி நாள் ராத்திரியில்.

அந்த வண்டியை அப்பா பழையதாகத்தான் வாங்கினார். புனலூர்ப் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருந்தவர் ஓட்டியது. கருப்பு நிறம், டேங்கில் பொன்னிறக் கோடு, 346 சிசி. திருவொற்றியூரில் செய்த வண்டி. நம் ராணுவத்துக்கு 800 புல்லட் வேண்டியிருந்ததும், அதையொட்டி மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியோடு சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியதும் அப்பாவுக்கு மனப்பாடம். பனிமலையில் சிப்பாய்கள் ஓட்டுகிற வண்டி என்று என்னிடம் பெருமையாகச் சொல்வார்.

அதை ஸ்டார்ட் பண்ணுவது இன்றைக்கு இருப்பவர்களுக்குச் சொன்னால்தான் தெரியும். சாவியைத் திருகியதும் ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் அம்மீட்டரைப் பார்க்க வேண்டும். கிக்கரைக் காலால் மெல்ல மெல்ல அழுத்தினால் முள் இடது பக்கம் சாயும். உள்ளே பாயிண்ட் மூடியிருக்கிறது, பேட்டரியிலிருந்து காயிலுக்குக் கரண்ட் ஓடுகிறது என்று அர்த்தம். இன்னும் அழுத்தினால் கால் ஓரிடத்தில் தட்டி நிற்கும். முள் நடுவுக்குத் திரும்பும். பாயிண்ட் இப்போது திறந்துவிட்டது. பிஸ்டன் உச்சிக்குப் பக்கத்தில் நிற்கிறது. அங்கே உதைக்கக் கூடாது. இடது கைப்பிடியில் இருக்கும் சின்ன லீவரை, டீகம்ப்ரசரை, இழுத்துப் பிடித்தால் அடைபட்ட காற்று 'புஸ்' என்று வெளியே போகும். அந்த நேரம் பார்த்துக் கிக்கரை இம்மியளவு கீழே தள்ளிவிட்டு, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அதன் பிறகு ஒரே மூச்சில் உடம்பின் பாரம் முழுக்க இறங்கும்படி மிதிக்க வேண்டும். அவசரப்பட்டு உச்சிக்கு முன்னால் மிதித்தால் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலைப் பெயர்த்துவிடும்.

அப்பா இதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். வேட்டியில் இருந்தாலும் சரி, பேண்டில் இருந்தாலும் சரி, முதல் உதையிலோ அடுத்ததிலோ வண்டி பிடித்துக்கொள்ளும். 'டுப் டுப்' சத்தம் நிதானத்துக்கு வந்ததும் சோக்கை இறக்கிவிடுவார். அப்படி இருந்த வண்டி, நான் ஏழாம் வகுப்புப் படித்த வருஷம் சாரலில் சண்டித்தனம் செய்தது.

காலையில் உதைப்பார், உதைப்பார், சட்டை நனைந்துவிடும். பெட்ரோல் வாடை முற்றம் முழுக்க அடிக்கும். அப்புறம் நான், எதிர்வீட்டு அண்ணன், பால்காரர் என்று யார் கிடைத்தாலும் சேர்ந்து தெருவின் சரிவில் தள்ளுவோம். செகண்ட் கியரில் போட்டுக் கிளட்சை விட்டால் சில நாள் இருமிக்கொண்டே கிளம்பும். சில நாள் சரிவு முடியும், வண்டி முடங்கி நிற்கும், திரும்ப மேலே உருட்டிக்கொண்டு வரவேண்டும். மத்தியானத்தில் மட்டும் அதற்கு ஒன்றும் இருக்காது. ஒரே உதையில் எழுந்துவிடும்.

ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். பிளக்கை மாற்றுங்கள் என்றார் ஒருவர். டேங்கில் தண்ணீர் இறங்கியிருக்கும் என்றார் இன்னொருவர். பேட்டரி போச்சு, கார்புரேட்டரில் தூசி அடைச்சிருக்கு, சோக் நிக்கலை, எல்லாம் சொன்னார்கள். அப்பா ஒன்றையும் தள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் சாக்கை விரித்து ஒவ்வொன்றாகச் செய்தார். டேங்கை வடித்து வடிகட்டி ஊற்றினார். கார்புரேட்டரைப் பிரித்து ஜெட்டை வாயால் ஊதினார். பேட்டரியை சார்ஜுக்குக் கொடுத்து வாங்கினார். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து, மறுபடி வயரில் மாட்டி, சிலிண்டர் மேல் சாய்த்து வைத்து, "ஏ பிள்ள, நல்லாக் குனிஞ்சு பாரு" என்று உதைத்தார். பளிச் பளிச்சென்று வெட்டியது. "வருதுப்பா!" என்றேன். கரண்ட் வருகிறது, பெட்ரோல் வருகிறது, இருந்தும் வண்டி ஏன் கிளம்பவில்லை என்று அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஆடி மாதத்து ராத்திரி ஒன்றில் வடகரையிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து கதவைத் தட்டினார். தலைச்சன் ஈற்று, கன்றின் கால் மட்டும் வெளியே தெரிகிறது, தலை வரவில்லை. அப்பா பையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். நான் டார்ச் பிடித்தேன். எவ்வளவு நேரம் உதைத்தார் என்று சொல்லத் தெரியவில்லை. வந்தவர் நனைந்த துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு அப்பாவின் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் அப்பா புல்லட்டைச் சுவரில் சாய்த்துவிட்டு அவருடைய சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்தார். எதிர்காற்று, தூறல், வயல் நடுவே இருட்டுச் சாலை.

விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். மாடு பிழைத்தது. கன்று செத்தே வந்தது. கழுத்து பின்னால் மடங்கிக் கிடந்ததாம். சீக்கிரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பற்றி அவர் பேசவில்லை. வெந்நீரில் கையைத் தோள்வரை கழுவிவிட்டு, காப்பியை நின்றுகொண்டே குடித்துவிட்டு, புல்லட்டை உருட்டிக்கொண்டு மெக்கானிக் பாயின் பட்டறைக்குப் புறப்பட்டார். பள்ளிக்கூடம் விடுமுறையோ, நான் போகவில்லையோ, பின்னாலிருந்து தள்ளியது நான்தான்.

பாய் பட்டறை தகரக் கொட்டகை. தரை முழுக்க எண்ணெய் குடித்துக் கறுத்திருக்கும். அவருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கலாம். வெள்ளைத் தாடி, கட்டம் போட்ட கைலி, காதில் செருகிய பென்சில். வண்டியை நிறுத்தியதும் அப்பா வழக்கம்போல முள்ளைப் பார்த்து உதைத்தார். முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. வெயில் ஏறி, தகரத்தின் அனலில் எல்லாம் காய்ந்திருந்த நேரம்.

இந்த இடத்தில் 'ஒண்ணும் இல்லையே டாக்டரய்யா' என்று அனுப்பிவிடும் மெக்கானிக்குகள்தான் அதிகம். அப்படித்தான் முன்பு ஒருவர் அனுப்பியும் இருந்தார். பாய் எஞ்சினை அணைக்கச் சொன்னார். ஸ்பேனரை எடுக்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு அப்பாவை உட்கார வைத்தார்.

"எப்பம் எப்பம் மக்கர் பண்ணுது? காலையிலயா, உச்சியிலயா?"

"காலையில. ராத்திரியும்தான்."

"வீட்டுல வண்டி எங்க நிக்கி?"

"முத்தத்துல. மேல கூரை இல்ல."

"உதைக்கையில கிக்கர் கனமா இருக்கா, பொசுக்குன்னு இறங்குதா?"

"கனமாத்தான் இருக்கு பாய்."

"முள் ஆடுதா?"

"ஆடுது. போகுது, வருது."

"பிளக் கழத்துனா ஈரமா, காஞ்சிருக்கா?"

"நல்ல ஈரம். பெட்ரோல் சொட்டுது."

பாய் தாடியைத் தடவிக்கொண்டார். அப்பா முன்னால் குனிந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மாட்டைக் கொண்டு வருகிறவர்களிடம் அப்பா இப்படித்தான் கேட்பார்: எப்போதிலிருந்து தின்னவில்லை, அசை போடுகிறதா, சாணி எப்படி, கன்று போட்டு எத்தனை நாள், காலையில் காது சில்லென்று இருந்ததா. கேட்டு முடிக்கும்வரை மாட்டைத் தொடமாட்டார். அவர் கேட்டுத்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவர் பதில் சொல்லும் இடத்தில் இருந்தார். சொல்லச் சொல்ல அவர் முகம் தெளிந்தது.

கேள்வி ஒவ்வொன்றும் ஒரு கதவை மூடியது என்பது எனக்குப் பின்னால் புரிந்தது. கிக்கர் கனமாக இருக்கிறது என்றால் கம்ப்ரஷன் இருக்கிறது, வால்வும் ரிங்கும் மோசமில்லை. பிளக் ஈரம் என்றால் பெட்ரோல் தாராளமாக வருகிறது, எரியாமல் தேங்குகிறது. முள் ஆடுகிறது என்றால் பேட்டரியிலிருந்து பாயிண்ட்வரை சரி. மிச்சம் இருப்பது காயிலுக்கும் பிளக் முனைக்கும் நடுவே இருக்கும் ஒரு முழ தூரம்.

"ஆனா கரண்ட் வருதே பாய். பிளக்கை வெளிய வச்சுப் பாத்தோம். பாப்பா கண்ணால பாத்தா."

"வெளிய வச்சா வரும் டாக்டரய்யா" என்றார் பாய். "உள்ள வரணுமே. ராத்திரி தொழுதுட்டு வீட்டுக்கு வாரேன். வண்டியை முத்தத்துலயே நிறுத்துங்க. மூடிப்புடாதீங்க, நனையட்டும்."

சொன்னபடி இஷா தொழுகை முடித்துவிட்டு வந்தார். வெறுங்கையோடு வந்தார். அம்மா கொடுத்த சுக்குக் காப்பியைக் குடித்துவிட்டு, "லைட்டை எல்லாம் அமத்துங்க" என்றார். முற்றத்து விளக்கு, திண்ணை விளக்கு, அடுக்களை விளக்கு எல்லாம் அணைந்தன. நிலா இல்லாத, மேகம் மூடிய ராத்திரி. தூறல் கண்ணுக்குத் தெரியவில்லை, முகத்தில் மட்டும் பட்டது. பாய் சிலிண்டருக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். என் தோளைப் பிடித்துத் தன் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தார். "பாப்பா, பிளக்கைப் பாக்காத. வயரைப் பாரு. டேங்குக்கு அடியில."

அப்பா உதைத்தார். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி உதைத்தார்.

டேங்குக்கு அடியில், வயர் ஃப்ரேமை ஒட்டித் திரும்பும் இடத்தில், நீல நிறத்தில் ஒரு மெல்லிய நூல் ஒருகணம் தெறித்து மறைந்தது. 'டிக்' என்று நகத்தால் சுண்டுவதுபோல ஒரு சத்தம். இன்னொரு உதை. மறுபடி அதே இடத்தில் நீலம். இந்தத் தடவை வயரின் மேலேயே விரல்நீளத்துக்கு ஊர்ந்து கம்பிக்குத் தாவியது. பிளக் மூடியின் கழுத்திலும் மங்கலாக ஒரு வட்டம் மினுங்கியது. நான் கத்திவிட்டேன். அப்பா கிக்கரிலிருந்து காலை எடுக்காமலே குனிந்தார். "எங்க, எங்க?" என்றார். அவர் பார்க்கவேண்டும் என்று பாய் தானே எழுந்துபோய் உதைத்தார். மூவரும் இருட்டில் மாறி மாறி அதையே பார்த்தோம்.

விளக்கைப் போட்டு டார்ச்சைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால், வயரின் ரப்பர் மேல் முடிமுடியாக வெடிப்பு. ஃப்ரேமில் உரசி உரசி ஒருபக்கம் தேய்ந்திருந்தது. வெடிப்புக்குள் சேறும் ஈரமும். பகல் வெளிச்சத்தில் எத்தனை பேர் பார்த்தாலும் அது பழைய வயராக மட்டும்தான் தெரிந்திருக்கும்.

பாய் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். பேட்டரியில் இருப்பது 6 வோல்ட். காயில் அதை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தித்தான் பிளக் முனையின் சின்ன இடைவெளியைத் தாண்ட வைக்கிறது. அந்த இடைவெளி அரை மில்லிமீட்டர் அளவுதான். ஆனால் பிளக்கை வெளியே வைத்துப் பார்க்கும்போது நடுவில் இருப்பது சாதாரணக் காற்று, சுலபமாகத் தாண்டிவிடும். சிலிண்டருக்குள் அதே காற்று பெட்ரோலோடு சேர்ந்து பல மடங்கு நசுங்கி இருக்கிறது. நெருக்கிய காற்றைத் தாண்ட இன்னும் எவ்வளவோ அதிக வோல்ட் வேண்டும். அந்த வோல்ட் ஏறுவதற்குள் நனைந்த வெடிப்பு குறுக்கு வழி காட்டிவிடுகிறது; கரண்ட் ஃப்ரேமுக்கு ஓடிப்போய்விடுகிறது. மத்தியானம் வெயிலில் வெடிப்பு காய்ந்துவிடும், குறுக்கு வழி அடைபடும், வண்டி கிளம்பும். அதனால்தான் தகரக் கொட்டகையில் அது ஒழுங்காக நடந்துகொண்டது. அதனால்தான் நான் பார்த்த பளிச் பளிச் எங்களை ஏமாற்றியது. உதைக்க உதைக்க எரியாத பெட்ரோல் பிளக்கை நனைத்து, கிளம்ப இருந்த கொஞ்சநஞ்ச வாய்ப்பையும் கெடுத்தது.

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இந்த விளக்கத்தை யோசித்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அழுத்தம் கூடினால் பொறிக்குக் கூடுதல் வோல்ட் வேண்டும் என்பதைக் கல்லூரியில் சமன்பாட்டோடு படித்தபோது, எனக்கு முன்னாலேயே அது தெரியும். அதைச் சொல்லிக்கொடுத்தவர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்.

மறுநாள் வயரும் பிளக் மூடியும் மாற்றினார். வேலை அதோடு முடிந்திருக்கலாம். பாய் விடவில்லை. "இம்புட்டு நாள் உதை வாங்கியிருக்கு, பாயிண்ட்டையும் பாத்துருவோம்" என்று சிலிண்டருக்குப் பின்னால் இருக்கும் வட்ட மூடியின் கிளிப்பைத் தள்ளித் திறந்து காட்டினார். இரண்டு சின்னப் பொட்டு ஒன்றையொன்று தொட்டும் விலகியும் நிற்கும். ஒன்றில் குழி விழுந்து, மற்றதில் அதே அளவுக்கு மேடு தட்டியிருந்தது. அவர் அதை மெல்லிய அரத்தால் சமமாக்கி, கேஜ் தகட்டை விட்டு 0.35 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தார். தகடு இழுபடும்போது லேசாகப் பிடிக்கவேண்டும். என் விரலால் இழுத்துப் பார்க்க வைத்தார். பக்கத்தில் விரல்நுனி அளவு உருளை ஒன்று இருந்தது, கண்டென்சர். பாயிண்ட் விலகும் கணத்தில் அங்கேயே பொறி வெட்டிவிடாமல் கரண்ட்டைத் தாங்கிக்கொள்வது அதுதான். "இது கெட்டா பாயிண்ட் கருகும். பிளக்குல பொறி மஞ்சளா, சோகையா வெட்டும். சூட்டுலதான் கெடும். ஒண்ணு வாங்கிப் பெட்டியில போட்டு வச்சுக்கிடுங்க டாக்டரய்யா" என்றார்.

அப்பா கண்டென்சர், பாயிண்ட் செட், ஒரு பிளக், ஒரு துண்டு வயர் எல்லாம் வாங்கி, மாட்டுக்குப் போடும் ஊசிப் பெட்டியைக் காலி செய்து அதில் அடுக்கி வண்டிப் பெட்டியில் வைத்தார். வடகரைக்காரர் வீட்டுக்கு அந்த வாரமே போய் மாட்டைப் பார்த்துவிட்டும் வந்தார்.

இப்போது வரும் புல்லட்டில் பாயிண்ட் கிடையாது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு கார்புரேட்டரும் போய்விட்டது. பொத்தானை அமுக்கினால் கிளம்புகிறது. எனக்கு அதில் மனக்குறை இல்லை. நடுராத்திரியில் மாடு பார்க்கப் போகிற யாரும் உதைத்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை என்பது பெரிய விஷயம். ஆனால் கம்ப்யூட்டர் சொல்லும் பிழை எண்ணை மட்டும் பார்த்துப் பாகத்தை மாற்றிக் கொடுக்கும் இடங்களில், வண்டி எப்போது மக்கர் பண்ணுகிறது என்று யாரும் கேட்பதில்லை. காலையிலா, மழையிலா, சூட்டிலா என்று ஒரு வாய் கேட்டால் பாதி வேலை அங்கேயே முடியும். அந்தக் கேள்விக்காக நான் இன்றும் தேடிப்போகும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள்.

அடுத்த சித்திரையில் அப்பா சுரண்டைப் பக்கம் கோமாரி ஊசி போடக் கிளம்பினார். முழு ஆண்டு விடுமுறை, நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மடியில் ஐஸ் போட்ட தெர்மாஸ், அதற்குள் மருந்துக் குப்பிகள். சாம்பவர்வடகரை தாண்டியதும் சைலன்சரில் 'டமார்' என்று வெடித்தது. வண்டி இரண்டு மூன்று தடவை திக்கித் திணறி நின்றுவிட்டது. உச்சி வெயில். தொடமுடியாத அளவுக்கு எஞ்சின் கொதித்தது. உதைத்தார், பிடிக்கவில்லை.

அப்பா அதற்குமேல் உதைக்கவில்லை. புளியமர நிழலுக்கு வண்டியைத் தள்ளினோம். தெர்மாஸை வேரடியில் வைத்துத் துண்டால் மூடினேன். அவர் வேகமாக அல்லாமல், தனக்குத்தானே சொல்வதுபோலக் கேட்டுக்கொண்டார்: "காலையில நல்லாக் கிளம்புச்சு. சூடானதும் நின்னுட்டு. கிக்கர் கனமா இருக்கு. முள் ஆடுது. பிளக்?" நான் கழற்றிக் கொடுத்தேன். ஈரம். அதைச் சிலிண்டரில் வைத்து உதைத்தார். பொறி வந்தது, ஆனால் மஞ்சள்.

"காயிலா இருக்குமோப்பா?"

"காயிலும் சூட்டுல போகும். மூடியைத் திற."

கிளிப்பைத் தள்ளிப் பாயிண்ட் மூடியைத் திறந்து, நிழலுக்காகத் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். அவர் கிக்கரை இறக்கினார். இரண்டு பொட்டுக்கும் நடுவில் சடசடவென்று பெரிய பொறி தெறித்தது. காயில் கெட்டிருந்தால் அங்கே இப்படி வெட்டாது. "கண்டென்சர்ப்பா" என்றேன்.

ஊசிப் பெட்டி திறந்தது. திருப்புளியை என் கையில் கொடுத்தார். ஒரே ஒரு திருகு, ஒரு வயர். பழையது விரலைச் சுட்டது. கருகிய பாயிண்ட்டை அவர் உப்புத்தாளில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, தகட்டை விட்டுப் பார்த்தார். முள் நடுவுக்கு வந்ததும் லீவரை இழுத்தது நான்தான், எட்டிப் பிடித்து. வண்டி கிளம்பியது. சோக் எதுவும் வேண்டியிருக்கவில்லை. தெர்மாஸை மடியில் எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். சுரண்டையில் மாட்டையெல்லாம் மந்தையில் கட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். குப்பிகள் சில்லென்றுதான் இருந்தன. பொழுது சாய்வதற்குள் அத்தனை மாட்டுக்கும் போட்டு முடித்தார்.